“புள்ள நல்லாத்தானுங்க இருக்குது”

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு சின்ன ஆய்வகத்தில் பதினாறு வருடமாக மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ரத்தம் எடுக்கத் தயங்காமல் கையை நீட்டுகிறவர்கள்கூட, மலம் கொண்டுவரச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். டப்பாவை வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பலர் அப்புறம் திரும்புவதே இல்லை.

போன வருடம் பதினோரு வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்) கூட்டிவந்தார். விளையாட்டு விடுதியில் சேர ரத்தப் பரிசோதனை வேண்டுமாம். 400 மீட்டர் ஓடுகிற பிள்ளை. துறுதுறுவென்று இருந்தாள். ஹீமோகுளோபின் 9.4 வந்தது. மெஷின்மேல் சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன், அதே 9.4. அந்த வயதுக்கு 11.5 ஆவது இருக்க வேண்டும். வயிற்றில் புழு இருந்தால் கூடக்கூடிய ஈசினோஃபில் என்கிற வெள்ளை அணுக்களும் கூடியிருந்தன. டாக்டர் மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

அம்மாயிக்குப் பிடிக்கவில்லை. “ஏனுங் அம்மிணி, புள்ள நல்லாத்தானுங்க இருக்குது? ஒரு நாள் வவுத்து வலின்னு படுத்ததில்லீங்க. பூச்சி இருந்தாப் பல்லக் கடிக்குமில்லீங்களா?”

பல் கடிப்பதை வைத்துப் பூச்சியைக் கண்டுபிடிக்க முடியாது. இனிப்பு தின்றாலும் பூச்சி வராது. குடலில் புழு கொஞ்சமாக இருக்கும்வரை வெளியே ஒன்றுமே தெரியாமல் போகலாம். அம்மாயி சொன்ன அந்த “நல்லாத்தானுங்க இருக்குது” பொய்யில்லை. புழுவும் உள்ளே இருக்கலாம், பிள்ளையும் ஓடியாடலாம்.

முதல் நாள் கொண்டுவந்ததில் ஒன்றும் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஸ்லைடைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதி, பத்தாம் நாள் வேறு இடத்தில் ‘இருக்கிறது’ என்று வந்து தலைகுனிந்திருக்கிறேன். எல்லா நாளும் முட்டை ஒரே அளவில் வெளிவராது. அதனால்தான் வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை கேட்கிறோம். இரண்டாம் நாள் டப்பாவிலிருந்து ஊசிமுனையளவு எடுத்து, உப்புநீரில் கலந்து, கண்ணாடிச் சில்லால் மூடிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அது இருந்தது: நீள்வட்டமாக, மெல்லிய ஓட்டுக்குள் நாலு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கொக்கிப்புழு முட்டை.

இந்தப் புழு வாய்வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. புழு இருக்கிறவர் வெளிக்குப் போன இடத்தில் ஈரமும் நிழலும் இருந்தால் முட்டை பொரிந்து, இளம்புழு மண்ணில் காத்திருக்கும். வெறுங்காலோடு போனால் விரல் இடுக்குத் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேரும். அங்கே பல்லைப் பதித்து ரத்தம் குடிக்கும். இனத்தைப் பொறுத்து ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மில்லி வரை போகும். நூறு புழு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மெல்ல மெல்லக் குறைவதால் உடம்பும் அதற்குப் பழகிவிடுகிறது. இந்தப் பிள்ளை தினமும் பயிற்சி எடுத்தது தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்து வாழைத்தோப்புத் தடத்தில், செருப்பில்லாமல். துருவிக் கேட்டதும் சொன்னாள்: “கடைசி நூறு மீட்டர்ல மட்டும் காலு கனக்குதுங்கக்கா.”

மற்றவை வேறு தினுசு. நாக்குப்பூச்சி என்று நம் பக்கம் சொல்கிற உருளைப்புழு, நகத்து அழுக்கு, கழுவாத கொத்தமல்லித்தழை வழியாக முட்டையாக உள்ளே போகும். பெண்புழு ஒன்று நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். சாட்டைப்புழுவின் முட்டை இரண்டு முனையிலும் மூடி வைத்த மத்தளம் போல இருக்கும். ராத்திரி ஆசனவாய் அரிப்பைக் கொடுக்கிற கீரிப்பூச்சி மலத்தில் அகப்படுவது அரிது; காலையில் குளிப்பதற்கு முன் அந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டி எடுத்தால்தான் முட்டை கிடைக்கும். ஜியார்டியா புழுவே இல்லை, ஒற்றை செல் உயிரி. பள்ளியில் போடும் ஒற்றை மாத்திரையில் அது போகாது.

அந்த மாத்திரைக்கு வருகிறேன். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 1 முதல் 19 வயது வரை பள்ளி, அங்கன்வாடிகளில் அல்பெண்டசோல் 400 மில்லிகிராம். இரண்டு வயதுக்குக் கீழ் அதில் பாதி. சின்னக் குழந்தைக்குப் பொடித்துக் கொடுக்க வேண்டும், மற்றவர்கள் மென்று விழுங்க வேண்டும். எவர் வயிற்றில் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள். எங்கள் ஓட்டக்காரியோ, தோழி ஒருத்தி மாத்திரை போட்டு வாந்தியெடுத்ததைப் பார்த்துவிட்டு, தன்னுடையதை வாய்க்காலில் வீசியிருக்கிறாள். புழு அதிகமிருந்தால் மாத்திரைக்குப் பிறகு குமட்டலோ வயிற்று வலியோ கொஞ்ச நேரம் வரும், தானே அடங்கிவிடும். காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்கு மட்டும் அன்று வேண்டாம், குணமானதும் கொடுக்கலாம். ஆனால் மாத்திரை குடலைத்தான் காலி செய்யும். வாழைத்தோப்பு மண் அப்படியேதான் கிடக்கும். கக்கூஸும் செருப்பும் இல்லாவிட்டால் சில மாதத்தில் பழைய கதைதான்.

டப்பா கொண்டுவருகிறவர்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நேற்று ராத்திரி எடுத்து வைத்தது வேண்டாம். நம் ஊர் வெயிலில் கொக்கிப்புழு முட்டை டப்பாவுக்குள்ளேயே பொரிந்துவிடக்கூடும். மூத்திரமும் தண்ணீரும் கலக்கக்கூடாது. தண்ணீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள் கொடுங்கள்.

டாக்டர் புழு மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதினார். மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது 11.8. அன்று அம்மாயி கிளம்பாமல் நின்றார். “எனக்கும் ஒரு டப்பா குடுங்க அம்மிணி. நானும் காட்டுக்குள்ளதான கெடக்கறன்.” அடுத்த நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டார். ரிசல்ட்டைச் சொன்னதும், “அப்பப் புள்ளகிட்டயிருந்து எனக்குத் தொத்துச்சுங்களா?” என்றார். இல்லைங்க அம்மாயி, இரண்டு பேரும் ஒரே தோப்பில்தானே நடக்கிறீர்கள் என்றேன்.