புது லேன் கார்டு வேலை செய்யவில்லையா? ஃபார்மட் செய்யாதீர்கள்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் எங்களுக்குச் சீசன். ரௌட்டருக்கு ஒரு லேன் கார்டு (நெட்வொர்க் ஒயர் சொருகும் அட்டை), உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இன்னொன்று என்று இரண்டு போட்ட லினக்ஸ் கம்ப்யூட்டர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். இடி இடித்த மறுநாள் காலையிலேயே போன் வரும். "சார், ரெண்டாவது லேன் கார்டு போயிடுச்சு. புதுசு போட்டும் வரல. ஃபார்மட் பண்ணிடலாமா?" போன வாரம் ஓர் அரிசி ஆலையில் நான் போய்ச் சேருவதற்குள் பண்ணியே விட்டார்கள். நெல் கொள்முதல் கணக்கு மொத்தமும் போச்சு. புதுக் கார்டு நன்றாகத்தான் இருந்தது.

பழைய டெபியன், உபுண்டு, சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸ் வகைகள் எல்லாம் கார்டின் மேக் முகவரியையும் (கார்டுக்கே உரிய எண்) அதற்கு வைத்த பெயரையும் '70-பெர்சிஸ்டென்ட்-நெட்' என்ற யுடெவ் (சாதனங்களைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்கும் லினக்ஸ் பகுதி) கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். முதல் கார்டு ஈத்0, செத்துப்போன இரண்டாவது கார்டு ஈத்1 என்றால், புதியது ஈத்2 ஆகிவிடும். நீங்களோ ஈத்1-க்கு ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். கல்லணையில் வெண்ணாற்று மதகைத் திறந்துவிட்டுப் புது ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்று நிற்கிற கதைதான். பழைய வரியை நீக்குங்கள், புது வரியில் பெயரை ஈத்1 ஆக்குங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள். சென்ட்ஓஎஸ் என்றால் ஈத்1-இன் ஐஎஃப்சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பிலும் பழைய மேக் முகவரி ஒளிந்திருக்கும், அதையும் மாற்றுங்கள்.

அடுத்தது, என் பொறுமையைச் சோதிப்பது. ரௌட்டர் கொடுக்கும் ஐபி எண்கள் 192.168.1 வரிசை. உள்ளே பில் போடும் கம்ப்யூட்டர்களுக்குப் போகிற கார்டுக்கும் அதே 192.168.1 வரிசையில் ஒரு நம்பர்! கேட்டால், "எல்லாம் ஒரே ஆபீஸ்தானே சார்?" ஆபீஸ் ஒன்றுதான், நெட்வொர்க் இரண்டு. ஒரே வரிசை இரண்டு கார்டிலும் இருந்தால் லினக்ஸ் ஏதோ ஒரு கார்டு வழியாகத்தான் அனுப்பும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகவேண்டிய பதில் ரௌட்டர் பக்கம் போய்த் தொலையும். உள் கார்டுக்கு 192.168.2 என்று கொடுங்கள், உள் கம்ப்யூட்டர்களையும் அதே வரிசைக்கு மாற்றுங்கள். உள் கார்டில் கேட்வே (வெளியே போகும் வழி) கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதிலும் ஒன்றை நிரப்பினால் இருக்கிற நெட்டும் போகும். இரண்டு கார்டு போட்டால் இரண்டு மடங்கு வேகம் வரும் என்று யார்தான் சொல்லிவைத்தார்களோ!

சொருகிய கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் கார்டே தெரியவில்லையா? பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் கழற்றி, பித்தளை நிறப் பல்லை ரப்பரால் துடைத்து வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அதிலேயே பாதி சரியாகும். கார்டு தெரிகிறது, ஆனால் ஐபி லிங்க் கட்டளை 'நோ கேரியர்' (ஒயரில் தொடர்பு இல்லை) என்கிறதா? ஒயரையும் ஸ்விட்ச் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். இடியில் போர்ட் சாவது சகஜம்.

தயவுசெய்து, எதில் கைவைக்கும் முன்பும் கணக்கை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். மேகம் கருக்கும்போதே பவர் பிளக்கோடு லேன் ஒயரையும் கழற்றிவிடுங்கள். ஆலைக்கும் ஆபீசுக்கும் நடுவே வெட்டவெளியில் ஓடுகிற ஒயர் வழியாகத்தான் பாதிக் கார்டுகள் போகின்றன. தலைக்கு மேல் மின்ன ஆரம்பித்துவிட்டதா, ஒயரைத் தொடவே வேண்டாம். கார்டு போனால் போகட்டும்.