கற்காரை எக்கி: கான்கிரீட் பம்ப்புக்குத் தமிழ்ச் சொல்

தை 12, மாசி 22, சித்திரை 10, வைகாசி 21. பஞ்சாங்கத்தில் வாஸ்து நாள் என்று போட்டிருக்கும் இந்தத் தேதிகளைக் கட்டட மேஸ்திரிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழியும் கழிந்து, தையில் பூமி பூஜை போட்ட வீடுகளெல்லாம் அஸ்திவாரம், பேஸ்மட்டம், சுவர் என்று வளர்ந்து பங்குனி, சித்திரையில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தளம் போடும் நிலைக்கு வந்து நிற்கும். அந்த வாரங்களில் எல்லாரும் ஒரே வண்டியைத் தேடி அலைவார்கள்: கலவையைக் குழாய் வழியாக மாடிக்குத் தள்ளும் கான்கிரீட் பம்ப்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டு சொற்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் விடை தானாக வரும்.

முதலில் கான்கிரீட். லத்தீனில் ‘கான்கிரெட்டுஸ்’ என்றொரு சொல். ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘கிரெஸ்கெரே’ என்றால் வளர்தல். பல பொருள் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்து கெட்டிப்பட்டது என்று பொருள். பார்த்துச் செய்த சொல்தான். ஜல்லி, மணல், சிமெண்ட் மூன்றும் தனித்தனியாக உதிரிகள். தண்ணீர் பட்டதும் சிமெண்ட் வினைபுரிந்து மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு ஒரே கல்லாக வளர்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய கான்கிரீட்டின் கதை அங்கிருந்துதான் சூடுபிடிக்கிறது.

நம்மிடம் இந்தப் பொருள் வேறு உருவில் முன்பே இருந்தது. அதன் பெயர் காரை. கூரை வீடு, ஓட்டு வீடு, காரை வீடு என்று வீடுகளைத் தரம் பிரித்துச் சொன்ன தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. சுவரில் பூச்சு விட்டுப்போனால் இன்றும் ‘காரை பெயர்ந்துவிட்டது’ என்றுதான் சொல்கிறோம். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற பழைய தளத்தை நினைத்துப் பாருங்கள். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்புவார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரையும் வெல்லக் கரைசலையும் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டுவார்கள். சுண்ணாம்பு காற்றைக் குடித்து மெல்ல இறுகும். அதனால் நாட்கணக்கில் தட்ட நேரம் இருந்தது. சிமெண்ட் அப்படி நேரம் தராது. இது பின்னால் தேவைப்படும், நினைவில் இருக்கட்டும்.

கான்கிரீட்டுக்குத் தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன: கற்காரை, திண்காறை, பைஞ்சுதை. என் தேர்வு கற்காரை. கல் கலந்த காரை என்று கேட்ட மாத்திரத்தில் விளங்கிவிடும். பைஞ்சுதையில் வரும் சுதை நமக்குக் கோபுரச் சிற்பங்களையே நினைவூட்டுகிறது, அது ஜல்லி இல்லாத நுண்சாந்து. ஆகவே கல் என்ற உறுப்பு சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும். ஜல்லி என்பதையும் ஒதுக்க வேண்டியதில்லை. ‘சல்லி சல்லியாக உடைந்தது’ என்கிறோமே, அந்தச் சல்லிதான் அது. இலங்கைத் தமிழர் கொங்கிறீட், சீமெந்து என்று தங்கள் ஒலிப்புக்கு ஏற்ப எழுதுகிறார்கள், அதுவும் நிலைத்த வழக்கு.

சரி, பம்ப்புக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு இது டச்சு, ஜெர்மன் மாலுமிகளின் பேச்சிலிருந்து போனது. கப்பலின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் கருவிக்கு அந்தப் பெயர். தண்ணீர் என்றதும் நம் மனம் ‘இறைத்தல்’ பக்கம் போகும். ஏற்றம் இறைத்தோம், கமலை இறைத்தோம், அப்புறம் மோட்டார் வைத்து இறைத்தோம். ஆனால் கற்காரையை யாரும் இறைப்பதில்லை. இறைப்பது ஆழத்திலிருந்து மேலே வாங்குவது. இங்கே வேலையே உந்தித் தள்ளுவது.

அதற்குத்தான் ‘எக்கி’ என்ற சொல். பழைய அகராதிகளில் எக்கி என்றால் நீர் பீச்சும் கருவி. எக்குதல் என்ற வினையை நாம் தினமும் பேசுகிறோம். சட்டைப் பொத்தான் போட வயிற்றை எக்குகிறோம், மதில் மேல் என்ன இருக்கிறது என்று எக்கிப் பார்க்கிறோம். உள்ளிழுப்பதும் மேலே எழும்புவதும் இந்த ஒரே வினைக்குள் இருக்கின்றன.

கற்காரை எக்கியின் வயிற்றில் நடப்பதும் அதுதான். லாரி கொட்டும் தொட்டிக்குப் பின்னால் இரண்டு உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும். ஒன்றினுள் இருக்கும் பிஸ்டன் பின்வாங்கிக் கலவையை உள்ளே இழுக்கும்போது மற்றதன் பிஸ்டன் முன்னேறி அதைக் குழாய்க்குள் தள்ளும். நடுவில் ஒரு வளைகுழாய் இடமும் வலமும் மாறி மாறிப் பொருந்தும். மாடியில் நின்று பார்த்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் குழாய் வரிசை முழுதும் ஒருமுறை உதறும், முனையிலுள்ள ரப்பர் குழாயைத் தோளில் அணைத்திருப்பவரும் சேர்ந்து அதிர்வார். எக்கி என்று பெயர் வைத்தவர் இந்த இயந்திரத்தை நினைத்து வைக்கவில்லை. ஆனாலும் இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. 1927-இல் ஜெர்மனியில் தொடங்கிய இந்த நுட்பம், துபாயின் புர்ஜ் கலீஃபாவில் 606 மீட்டர் உயரம் வரை கற்காரையை எக்கியிருக்கிறது.

இனி, சிமெண்ட் தராது என்று சொன்ன அந்த நேரம். என் தங்கை வீட்டுத் தளத்துக்குப் போன வருடம் பங்குனியில் காலை ஏழு மணிக்கு எக்கி வருவதாகச் சொன்னார்கள். முதல் லாரி சொன்ன நேரத்தில் வந்து தெருவில் சுழன்றுகொண்டிருந்தது. எக்கி வேறொரு தளத்தில் மாட்டிக்கொண்டு பத்தரைக்குத்தான் வந்தது. கலவை கெட்டிப்பட்டுவிட்டது, கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்றார் ஓட்டுநர். மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை, லாரியைத் திருப்பி அனுப்பினார். பணம் போனதில் தங்கைக்கு அழுகை. ஆனால் மச்சான் செய்ததே சரி. தயார்க் கலவையை, அதாவது ரெடிமிக்ஸை, லாரியில் ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 4926 என்ற இந்தியத் தர விதி. இறுகலைத் தாமதப்படுத்தும் மருந்து கலந்திருந்தால் மட்டும் சலுகை உண்டு. பங்குனி வெயிலில் கலவை இன்னும் வேகமாக முறுகும். அப்போது ஊற்றும் தண்ணீர் வலுவைத்தான் குறைக்கும்.

அதனால் எக்கிக்கு நாள் குறிப்பது என்பது வண்டிக்குச் சொல்லிவைப்பதோடு முடியாது. அளவிலிருந்து தொடங்க வேண்டும். 1000 சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம் என்றால் ஏறக்குறைய 11.8 கன மீட்டர். உத்திரங்களைச் சேர்த்தால் 14 வரை போகும். லாரி ஒன்றில் 6 கன மீட்டர் வரும் என்றால் மூன்று நடை. இதில் பலரும் மறப்பது குழாய்க்குள் தங்கும் கலவையை. 125 மில்லிமீட்டர் குழாயில் மீட்டருக்குச் சுமார் 12 லிட்டர் நிற்கும். 30 மீட்டர் போட்டால் 370 லிட்டர் குழாயிலேயே இருக்கும். கடைசி மூலையில் நாலு சட்டிக் கலவைக்குத் தவிப்பது இதனால்தான்.

அடுத்தது எந்த எக்கி என்பது. களத்தில் பூம் பிளேசர், லைன் பம்ப் என்பார்கள். நான் நீள்கை எக்கி, குழாய்வழி எக்கி என்று எழுதுகிறேன். நீள்கை எக்கிக்குக் கால் விரித்து நிற்கத் தெருவில் அகலம் வேண்டும், தலைக்கு மேல் மின்கம்பி இருந்தால் அந்த இடத்துக்கு அதை அழைக்கவே கூடாது. குறுகிய தெருவுக்குக் குழாய்வழி போதும். ஆனால் குழாயை முந்தின நாளே இழுத்துக் கட்டிவிட வேண்டும். சென்ட்ரிங் முட்டு, கம்பிக் கட்டு, மின்குழாய் எல்லாவற்றையும் பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே நாள் சொல்லுங்கள்.

கலவையின் தளர்வுக்கு ஸ்லம்ப் என்று பெயர். தமிழில் சரிவு. 300 மி.மீ. உயரக் கூம்பில் கலவையை நிரப்பிக் கூம்பைத் தூக்கினால் எவ்வளவு சரிகிறதோ அதுதான் அளவு. எக்குவதற்கு 75 முதல் 100 மி.மீ. என்கிறது ஐ.எஸ். 456. சரிவு குறைந்தால் குழாய் அடைக்கும். அடைத்த இடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டித்தான் கண்டுபிடிப்பார்கள், அடைப்பு உள்ள குழாயின் ஓசை மொத்தென்று இருக்கும். இதைத் தவிர்க்க முதலில் சிமெண்ட் பாலை ஓடவிட்டுக் குழாயின் உட்புறத்தை வழுக்கலாக்குவார்கள். அந்தப் பாலைத் தளத்துக்குள் விடாமல் வெளியே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தங்கை வீட்டு மாடிக்கு அடுத்த தளம் வரும் பங்குனியில். ஒப்பந்தத் தாளில் இந்த முறை நானே தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ‘எம் 20 வலுத் தரக் கற்காரை, 14.5 கன மீட்டர். குழாய்வழி எக்கி, 30 மீட்டர் குழாயுடன், காலை 6 மணிக்குக் களத்தில் நிற்க வேண்டும். எக்கி வந்து குழாய் பூட்டிய பிறகே முதல் லாரியில் கலவை ஏற்ற வேண்டும்.’ மேஸ்திரி ஒரு முறை வாசித்தார். விளக்கம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.