சும்மா இருக்கும்போதே 55 டிகிரியா? சேலம் வெயில்ல கம்ப்யூட்டர் வச்சிருக்கவங்க செலவு பண்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

பங்குனி பொறந்துட்டா எனக்கு வர்ற போன்ல பாதி இதேதான். "அண்ணா எதுவுமே ஓட்டலண்ணா, வெறும் டெஸ்க்டாப்புதான் இருக்கு, ப்ராசஸர் சூடு 55 டிகிரி காட்டுது, அதோட வோல்டேஜ் வேற 1.45ல நிக்குது, ப்ராசஸர் போயிருமா?" இப்படிக் கேக்கறவங்க கிட்ட யாராச்சும் பெரிய கூலர் போடு, லிக்விட் கூலிங் போடு, எஸ்எம்பிஎஸ் மாத்துன்னு சொல்லி ஐயாயிரம் பத்தாயிரம் செலவு வச்சுடறாங்க, போட்ட பிறகும் பாத்தா அதே 50 டிகிரி. அந்தக் காசு வீணா போறதைப் பாக்க மனசு கேக்கல, அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

மொதல்ல ரூம் சூடு. ப்ராசஸர் மேல ஃபேனோட உக்கார்ற எந்தக் கூலரும் சிப்பை, அதாவது ப்ராசஸரை, ரூம் சூட்டுக்குக் கீழ கொண்டு போகாது, லிக்விட் கூலரும் அப்படித்தான், அதுவும் கடைசில அந்த ரூம் காத்துலதான் சூட்டைக் கொட்டுது. இன்டர்நெட்ல ஐடில் (சும்மா இருக்கறப்ப) 35 டிகிரி காட்டுதுன்னு போடறவங்க ரூம் 20, 22 டிகிரில இருக்கும். நம்ம ஊர்ல சித்திரை மாசம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ரூம்ல மத்தியானம் 38க்கு மேல போகுது, அங்க 55 காட்டுனா அது 17 டிகிரி வித்தியாசம்தான். ப்ராசஸரோட கூடவே வர்ற ஸ்டாக் கூலர் போட்ட மெஷின்ல 10லேர்ந்து 20 வரைக்கும் வித்தியாசம் இருந்தா நான் கையே வைக்க மாட்டேன். நூறு இருநூறு ரூபாய்க்கு ரூம் தெர்மாமீட்டர் கிடைக்குது, அதை டேபிள்ல வச்சு கழிச்சுப் பாருங்க. வித்தியாசம் 30ஐ தாண்டுனா அப்பதான் கவலைப்படணும். ரைசன் 5 3600ங்கற ப்ராசஸருக்கு அதைச் செய்யற ஏஎம்டி கம்பெனி குடுத்திருக்க உச்ச வரம்பே 95 டிகிரி, அதைத் தொட்டாலும் சிப்பு தானா வேகத்தைக் குறைச்சுக்கும்.

அடுத்தது, சும்மா இருக்குன்னு நீங்க நினைக்கறது நிஜமாவே சும்மா இருக்கா? விண்டோஸ் அப்டேட் இறங்கிட்டு இருக்கும், ஆன்ட்டிவைரஸ் ஸ்கேன் ஓடும், ப்ரவுசர்ல முப்பது டேப் திறந்து கிடக்கும். மெஷினைப் போட்டு பத்து நிமிஷம் தொடாம விட்டுட்டு அப்புறம் டாஸ்க் மேனேஜர்ல சிபியு பர்சன்ட் பாருங்க, அஞ்சுக்குக் கீழ இருக்கணும். இதுல ஒண்ணு முக்கியமா சொல்லணும், போட்டோ ஸ்டுடியோ, டிடிபி சென்டர் மெஷின்ல கிராக் சாஃப்ட்வேர் போடறப்ப கூடவே காயின் மைனர், அதாவது உங்க மெஷினைத் திருட்டுத்தனமா ஓட்டி யாருக்கோ கிரிப்டோ காசு சம்பாதிக்கற புரோகிராம், ஒட்டிக்கிட்டு வருது. நீங்க டாஸ்க் மேனேஜர் திறந்த உடனே நின்னுக்கற மாதிரி எழுதின மைனரும் இருக்கு, அதனால பர்சன்ட் சுத்தமா காட்டும், ஆனா மூடின உடனே ஃபேன் மறுபடியும் கத்த ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்தைக் காது குடுத்து கேளுங்க. இதுக்குக் கூலர் மருந்து இல்ல, டேட்டாவை எடுத்து வச்சுட்டு ஓஎஸ் புதுசா போடறதுதான்.

இப்ப வோல்டேஜுக்கு வர்றேன். நிறைய பேரு இதையும் ஈபி கரன்ட் வோல்டேஜையும் போட்டுக் குழப்பிக்கறாங்க, ஸ்டெபிலைசர் வாங்கட்டுமான்னு கேக்கறாங்க. வீட்டுக்கு வர்ற 230 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டா மாத்துது, அந்த 12ஐ மதர்போர்டுல ப்ராசஸர் உக்கார்ற சாக்கெட் பக்கத்துல இருக்கற விஆர்எம் சுமார் 1 வோல்ட்டா மாத்தி சிப்புக்குக் குடுக்குது. எவ்ளோ வேணும்னு கேக்கறது சிப்புதான். தெருவுல லோ வோல்டேஜ் இருக்கறதால இந்த நம்பர் ஏறாது.

ரைசன்ல 1.4, 1.45ன்னு காட்டுறது பயமா இருக்கும்தான். 2019 ஜூலைல ரைசன் 3000 வந்தப்ப உலகம் பூரா இதையே கேட்டாங்க, ஏஎம்டியே விளக்கம் குடுத்துச்சு. சின்ன வேலை ஒண்ணு வந்தாக்கூட ஒரு கோரு (சிப்புக்குள்ள தனியா வேலை செய்யற ஒரு பகுதி) மட்டும் சட்டுனு முழு வேகத்துக்குப் போய் வேலையை முடிச்சுட்டு தூங்கிடும், அந்தக் கண நேரத்துக்குத்தான் அவ்ளோ வோல்டேஜ், அப்ப ஓடற கரன்ட் கம்மி. நீங்க டெம்பரேச்சர் பாக்கப் போட்ட சாஃப்ட்வேரே நொடிக்கொரு தடவை கோரைத் தட்டி எழுப்பி "எவ்ளோ?"ன்னு கேக்குது, அது எழுந்து சொல்ற நம்பர்தான் உங்களுக்குத் தெரியுது. எல்லாக் கோரும் சேந்து உழைக்கறப்ப பாத்தா வோல்டேஜ் 1.3 பக்கமோ அதுக்குக் கீழயோ இறங்கி நிக்கும். எச்டபிள்யூ இன்ஃபோங்கற (HWiNFO) சாஃப்ட்வேர் போட்டு, அளவெடுக்கற இடைவெளியை அஞ்சு நொடி ஆக்கி, அந்த நிமிஷத்து நம்பர் காட்டுற "Current" வரிசையை விட்டுட்டு சராசரி காட்டுற "Average" வரிசையை மட்டும் பாருங்க.

ஆனா இறங்கவே இறங்காம ஒரே நம்பர்ல கல்லு மாதிரி நின்னா அது வேற கதை. ஒண்ணு விண்டோஸ்ல பவர் ப்ளான் ஹை பெர்ஃபார்மன்ஸ்ல இருக்கும், அதுல ப்ராசஸர் மினிமம் ஸ்டேட் 100 பர்சன்ட், சிப்பு ஓய்வே எடுக்காது. பேலன்ஸ்டுக்கு மாத்துங்க, பாதி கேஸ் அங்கயே முடிஞ்சுடும். இல்லன்னா யாரோ வீடியோ பாத்துட்டு பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங்ஸ்ல) வோல்டேஜை மேனுவலா லாக் பண்ணி, கூடவே சும்மா இருக்கறப்ப கோரைத் தூங்க வைக்கற சி ஸ்டேட்டையும் ஆஃப் பண்ணி வச்சிருப்பாங்க. பசங்க கேம் ஆடற மெஷின்ல இது சாதாரணமா பாக்கறேன். பயாஸை டிஃபால்டுக்குக் கொண்டு வந்துட்டு வோல்டேஜை ஆட்டோல விடுங்க. கொஞ்சம் குறைக்கணும்னா ஆஃப்செட்ல, அதாவது சிப்பு கேக்கறதுலேர்ந்து இவ்ளோ கழிச்சுக் குடுன்னு சொல்ற செட்டிங்ல, மைனஸ் 0.05 வோல்ட்லேர்ந்து ஆரம்பிங்க, மேனுவல் வேணாம். அதிகமா குறைச்சுட்டா கேம்ல நல்லா ஓடும், சும்மா இருக்கறப்ப திடீர்னு ரீஸ்டார்ட் ஆகும், அப்படி ஆச்சுன்னா ஒரு படி ஏத்திடுங்க.

தூசி பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்குத் தனியாவே சொல்லணும். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் தறி ஓடற வீட்ல பில்லிங்குக்கோ டிசைனுக்கோ வச்சிருக்கற மெஷின்ல பஞ்சு போய் ஃபேனுக்கும் அதுக்கு அடியில சூட்டை வாங்கற ஹீட்சிங்க் தகட்டுக்கும் நடுவுல படியுது. மேல இருந்து டார்ச் அடிச்சுப் பாத்தா ஃபேன் பளிச்னு சுத்தும், அதைக் கழட்டினாத்தான் அடியில மெத்தையா அடைச்சிருக்கறது தெரியும். செவ்வாப்பேட்டை வெள்ளிப் பட்டறைல பாலிஷ் தூசி பிசுபிசுன்னு ஒட்டும், அதை ப்ரஷ் போட்டுத்தான் எடுக்கணும். இந்த மாதிரி இடத்துல மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஃபேனைக் கழட்டி சுத்தம் பண்ணுங்க. பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல காத்தடிக்கறத தயவுசெஞ்சு விட்டுருங்க, டேங்க்ல தேங்கின தண்ணியும் ஆயிலும் சேந்து போர்டு மேல அடிக்கும். ப்ளோயர் போதும், ஃபேன் இறக்கையை விரல்ல பிடிச்சுக்கிட்டு அடிங்க.

தூசியும் இல்ல, வித்தியாசம் மட்டும் 30க்கு மேலன்னா கூலரை ஆட்டிப் பாருங்க. இன்டெல் ஸ்டாக் கூலர்ல நாலு புஷ் பின், அதுல ஒண்ணு லாக் ஆகாம இருந்தாலே ஒரு பக்கம் தூக்கி நிக்கும். சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல தடவற தெர்மல் பேஸ்ட் காஞ்சு போயிருந்தா புதுசு வைங்க, பட்டாணி அளவு போதும். ஏஎம்4 சாக்கெட் ரைசன்ல கூலரை எடுக்கறப்ப மெஷினைப் பத்து நிமிஷம் ஓட்டி சூடாக்கி, ஆஃப் பண்ணிட்டு, மெதுவா இடம் வலம் திருகி எடுக்கணும். குளுந்து கிடக்கறப்ப நேரா இழுத்தா ப்ராசஸரே பேஸ்ட்டோட ஒட்டிக்கிட்டு வந்து பின் வளைஞ்சுடும்.

இவ்ளோ நேரம் பயப்படாதீங்கன்னு சொன்னேன். ஒரு கூட்டம் மட்டும் உடனே கவனிக்கணும், இன்டெல் 13, 14ஆம் ஜென் (தலைமுறை) டெஸ்க்டாப்ல ஐ7, ஐ9, அப்புறம் பேருல கே போட்ட ஐ5 வச்சிருக்கவங்க. அந்தச் சிப்புங்க தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டு நாளடைவுல தேஞ்சு போறதா 2024ல இன்டெல்லே ஒத்துக்கிச்சு. ஆகஸ்ட்ல வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடு (சிப்புக்குள்ள ஓடற சின்ன புரோகிராமுக்கான திருத்தம்) 1.55 வோல்ட்டுக்கு மேல கேக்க விடாம தடுத்துச்சு, செப்டம்பர்ல வந்த 0எக்ஸ்12பி, சும்மா இருக்கறப்பவும் லேசான வேலை நடக்கறப்பவும் அதிகமா கேக்கறதை சரி பண்ணுச்சு. ரெண்டும் பயாஸ் அப்டேட்ல வருது. உங்க மதர்போர்டு கம்பெனி சைட்ல போய் அதுக்கப்புறம் வந்த பயாஸைப் போடுங்க. மின்வாரியம் மாதாந்திர பராமரிப்புக்கு கரன்ட் நிறுத்தற நாளா இல்லன்னு பாத்துட்டு, யுபிஎஸ்ல வச்சுத்தான் போடணும், நடுவுல கரன்ட் போனா போர்டு செத்துரும். ஏற்கனவே தேஞ்ச சிப்பை அப்டேட் சரி பண்ணாது. அடிக்கடி ப்ளூ ஸ்க்ரீன், கேம் திறக்கறப்ப க்ராஷ், இன்ஸ்டால் பண்றப்ப எரர் வந்துச்சுன்னா வாரன்ட்டில கேளுங்க. பாக்ஸா வாங்கின சிப்புக்கு 3 வருஷமா இருந்த வாரன்ட்டியை இன்டெல் 5 வருஷம் ஆக்கியிருக்கு, கடைக்காரர் முடிஞ்சு போச்சுன்னு சொன்னாலும் விடாதீங்க, பில்லை எடுத்துக்கிட்டுப் போங்க.

ஏற்காட்ல காட்டேஜ், எஸ்டேட் ஆபீஸ்ல மெஷின் வச்சிருக்கவங்களுக்கு சூடு பிரச்சனையே இல்ல. சுமார் 1500 மீட்டர் உயரத்துல காத்து கொஞ்சம் மெலிசுதான், ஆனா குளிர்ச்சி அதை ஈடு கட்டிடும். அங்க எதிரி ஈரம். ஓடற மெஷின் வெதுவெதுப்பா இருக்கறதால தண்ணி கோக்காது, சீசன் முடிஞ்சு வாரக்கணக்குல ஆஃப் பண்ணிப் போட்டு வச்சதுலதான் ஸ்க்ரூ துருப்பிடிச்சு போர்டுல பச்சை பூத்து வருது. மழைக்காலத்துல யாரும் தங்கலன்னாலும் தினம் ஒரு மணி நேரம் போட்டு வைக்கச் சொல்லுங்க, கீழ சேலத்துக்கு சர்வீஸுக்குக் கொண்டு வந்தீங்கன்னா குளுந்த மெஷினை வந்த உடனே ஆன் பண்ணாம ரெண்டு மணி நேரம் விட்டுட்டுப் போடுங்க.