"சார், வயிறு டைட்டா இருக்கு"

பெருங்குடல் கட்டிக்கான அறுவை. உள்வேலை முடிந்து வயிற்றுச் சுவரை மூடிக்கொண்டிருந்தார்கள். சர்ஜன் நிமிராமலே, மயக்க மருத்துவரான என்னிடம், "சார், டைட்டா இருக்கு, கொஞ்சம் ரிலாக்ஸன்ட் குடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற முதுநிலை மாணவியின் கை அதற்குள் தசைதளர்த்தி மருந்தான அட்ரகூரியம் சிரிஞ்சுக்குப் போய்விட்டது. "இரும்மா" என்றேன்.

நோயாளியின் எடை 60 கிலோ. தொடக்கத்தில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் கணக்கில் 30 மில்லிகிராம் போட்டோம். பிறகு அரைமணிக்கு ஒருதரம் 6 மில்லிகிராம். கடைசி டோஸ் போய்ப் 10 நிமிஷம்தான். மணிக்கட்டு நரம்பில் நாலு முறை மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தால் கட்டைவிரல் ஒரே ஒரு தடவை துடிக்கிறது. மருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் நாடித்துடிப்பு 112, கண்ணோரம் ஈரம்: குறைந்திருப்பது மயக்கமும் வலியடக்கமும். வலிமருந்தான ஃபென்டனில் கொடுத்து, மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேனைக் கொஞ்சம் ஏற்றினோம். சில நிமிஷத்தில் வயிறு இளகியது. சர்ஜன் ஒன்றும் சொல்லாமல் தையலைத் தொடர்ந்தார்.

முழு மயக்கம் என்று நாங்கள் சொல்வதில் தூக்கம், வலியின்மை, தசைத்தளர்ச்சி என மூன்று வேலைகள் தனித்தனி. தசைதளர்த்தி தூங்கவும் வைக்காது, வலியையும் போக்காது. மற்ற இரண்டும் போதாமல் அதை மட்டும் ஏற்றினால், உள்ளே விழித்திருப்பவர் விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடப்பார். எனக்கு இதைவிடப் பெரிய பயம் கிடையாது.

அன்று மூடும் நேரத்தில் இன்னொரு டோஸ் போட்டிருந்தால்? முறிக்க நியோஸ்டிக்மின் இருக்கிறதே என்பார்கள். ஆழ்ந்த தளர்ச்சியை அதனால் தூக்கிவிட முடியாது. நாலு துடிப்பும் திரும்பிய பிறகுதான் அதைக் கொடுப்பது நல்லது. மூச்சுக்குழாயில் வைத்த டியூபை எடுக்கும் முன், நாலாவது துடிப்பு முதல் துடிப்பில் 0.9 பங்காவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தொண்டைத் தசைகளுக்கு முழு பலம் வந்திருக்காது. எச்சில் புரையேறும், மூச்சு முட்டும். தலையை 5 விநாடி தூக்கச் சொல்லிப் பார்ப்பது நாங்கள் படித்த காலத்துப் பழக்கம். தலையைத் தூக்கிக் காட்டியவருக்கும் இந்தப் பலவீனம் மிச்சமிருக்கலாம். சுகமடெக்ஸ் என்ற முறிமருந்து வந்தபின் ரோகுரோனியம், வெகுரோனியம் என்ற தசைதளர்த்திகள் இரண்டின் ஆழ்ந்த தளர்ச்சியையும் சட்டென்று முறிக்க முடிகிறது. ஆனால் விலை அதிகம், அட்ரகூரியத்திடம் அதன் பாச்சா பலிக்காது.

உடல் குளிர்ந்துபோனாலோ, மெக்னீசியம், ஜென்டமைசின் போன்றவை உள்ளே போயிருந்தாலோ அதே டோஸ் நெடுநேரம் நிற்கும். மயஸ்தீனியா என்ற தசைப் பலவீன நோய் உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே மிக அதிகம். அதனால்தான் முன்பரிசோதனையில் அத்தனை கேள்வி கேட்கிறோம்.

அப்படியொரு முன்பரிசோதனை முடிந்து கதவுவரை போன ஒருவர் திரும்பி, "எங்கப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சும் மூச்சு வராம, ராத்திரி வரைக்கும் மெஷின்லயே வெச்சிருந்தாங்க டாக்டர். அதெல்லாம் சொல்லணுமா?" என்றார். உட்காரச் சொன்னேன். ஸ்கோலின் என்ற தசைதளர்த்தியை ரத்தத்தில் உள்ள ஒரு நொதிதான் சில நிமிஷங்களில் சிதைக்கும். சில குடும்பங்களில் பரம்பரையாக அந்த நொதி குறைவு. அவர்களுக்கு மூச்சு திரும்ப மணிக்கணக்காகும். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "ஸ்கோலின் கூடாது" என்று எழுதி, ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டும் கொடுத்து அனுப்பினேன்.