வெளிச்சத்தின் ஓரம்

அடுத்த முறை நாடகம் பார்க்கும்போது, நடிகர் மேல் விழும் வெளிச்சத்தின் ஓரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கிறதா, புகைபோல் கரைந்து போகிறதா? மேலே தொங்குவது எந்த விளக்கு என்பதை அதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். பழைய ஹாலோஜன் விளக்குகளில் ஒளி பிறப்பதெல்லாம் டங்ஸ்டன் இழையிலிருந்துதான். வித்தியாசம் பின்னால் உள்ள ரிஃப்ளெக்டரிலும் முன்னால் உள்ள லென்ஸிலும்.

நறுக்கிய ஓரம் என்றால் அது புரொஃபைல் ஸ்பாட். அதன் ரிஃப்ளெக்டர் நீள்வட்டத்தில் வார்த்தது. நீள்வட்டத்துக்கு இரண்டு குவியங்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். எதற்கு உதவும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதற்குத்தான். ஒரு குவியத்தில் பல்பை வைத்தால், ரிஃப்ளெக்டரில் பட்ட ஒளி மற்றொரு குவியத்தில் வந்து கூடும். அந்த இடத்தையொட்டி நான்கு தகடுகள், அதாவது ஷட்டர்கள், இருக்கின்றன. அவற்றின் விளிம்பைத்தான் லென்ஸ் மேடையில் படமாகப் போடுகிறது. அதனால்தான் ஓரம் அவ்வளவு கூர்மை.

ஆனால் படம் தலைகீழாக விழும். கீழிருந்து “தரையை வெட்டு” என்று குரல் வரும். ஏணியில் நிற்கும் புதுப்பையனின் கை கீழ் ஷட்டருக்குப் போகும். தள்ளினால் இருண்டுபோவது நடிகரின் தலை! மேல் ஷட்டரைத்தான் தள்ள வேண்டும். ஜன்னல் கம்பி, இலை நிழல் எல்லாம் காட்டும் கோபோ தகட்டையும் இப்படித் தலைகீழாகத்தான் செருக வேண்டும். அமெரிக்கர்கள் இந்த விளக்கை லீக்கோ என்பார்கள். 1933-இல் இதைக் கொண்டுவந்த லெவி, குக் இருவரின் பெயர்களையும் ஒட்டவைத்த சொல் அது.

கரையும் ஓரம் ஃப்ரெனல் விளக்குடையது. 1823-இல் பிரான்ஸின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஏறிய அதே படிக்கட்டு லென்ஸ்: தடித்த லென்ஸின் வளைவை மட்டும் வட்ட வட்டமாக வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் கண்ணாடிச் சுமையைக் கழித்துவிட்டது. மேடைக்கு வந்ததன் பின்பக்கத்தில் பொரிப்பொரியாக இருக்கும். ஒளியை அதுதான் கலைக்கிறது. பல்பை லென்ஸுக்கு அருகே நகர்த்தினால் வட்டம் விரியும், பின்னால் இழுத்தால் குறுகும். இரண்டு ஃப்ரெனல்களின் வெளிச்சத்தை ஒன்றன்மேல் ஒன்று படரவிட்டால் தையல் தெரியாது. முகத்துக்கு இதைவிட நல்ல விளக்கு இல்லை என்பது என் கட்சி.

பார் (PAR) லைட் முரட்டு ஆள். பல்பு, ரிஃப்ளெக்டர், லென்ஸ் மூன்றும் ஒரே துண்டாக அடைத்தது. பழைய கார் ஹெட்லைட்டின் பெரியண்ணன். பார் 64 என்றால் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு 64, அதாவது குறுக்களவு 8 அங்குலம். முட்டை வடிவில்தான் ஒளி விழும்; டப்பாவுக்குள் பல்பைத் திருப்பினால் முட்டையும் திரும்பும்.

இப்போது எல்லாமே எல்இடிக்கு மாறி வருகின்றன. டங்ஸ்டன் இழை மங்கும்போது சிவந்துகொண்டே அணையும். எல்இடி நிறம் மாறாமல் மங்கும். பழகிய கண்ணுக்கு அந்தி இல்லாமல் இரவு வந்ததுபோல இருக்கும். அதனால் சில எல்இடி விளக்குகளுக்குள், மங்க மங்கக் கொஞ்சம் சிவப்பைக் கூட்டும்படி நிரல் எழுதி வைக்கிறார்கள்.