வேலியில் கட்டிய கொடிக்கம்பி

எர்த்திங், அதாவது இரும்புப் பாகங்களை மண்ணோடு இணைக்கும் ஏற்பாடு, சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு துணைமின் நிலையத்துக்குப் போயிருந்தேன். வேலிக்கு வெளியே துணி காய்ந்துகொண்டிருந்தது. கொடிக்கம்பியின் ஒரு முனை வேலித் தூணில். மறுமுனை முப்பது அடி தள்ளி ஒரு வீட்டு ஜன்னலில். அவிழ்த்துவிடுங்கள் என்றேன். "வேலியில கரண்ட் இல்லையே தம்பி, தினமும் தொடுறேனே" என்றார் அந்த அம்மா. உண்மைதான். ஆனால் ஃபால்ட், அதாவது மின்சாரம் தடம் மாறி மண்ணுக்குள் பாயும் கோளாறு, வராத வரைக்கும்தான் அது உண்மை.

நிலையத்துக்கு அடியில் கம்பிகளைக் கட்டம் கட்டமாகப் புதைத்திருப்போம். அதுதான் எர்த் மேட். மண்ணோடு அதற்குள்ள மின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபால்ட்டில் 4,000 ஆம்பியர் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கினால், அந்த மேட்டும் வேலி உட்பட அதோடு இணைந்த இரும்பு எல்லாமும் 2,000 வோல்ட்டுக்கு எகிறும். 'எர்த் பண்ணியாச்சு, இனி ஷாக் அடிக்காது' என்று பலர் நம்புகிறார்கள். எர்த் பண்ணிய இரும்பிலும் அந்த நேரத்தில் வோல்ட்டேஜ் இருக்கும்.

அப்படியென்றால் உள்ளே நிற்பவர் எப்படித் தப்பிக்கிறார்? அவர் காலுக்குக் கீழே உள்ள மண்ணும் சேர்ந்தே எகிறுகிறது. கைக்கும் காலுக்கும் இடையிலான வித்தியாசம்தான் உடம்பில் மின்சாரத்தைச் செலுத்தும். மேலே பரப்பிய ஜல்லி, காலுக்கும் மண்ணுக்கும் நடுவே தடையாக நிற்கிறது. அந்த ஜல்லியை யாராவது அள்ளிப்போனால், அல்லது அது சேற்றில் புதைந்தால், எனக்கு நெஞ்சு பதறும்.

கொடிக்கம்பி என்ன செய்கிறது? அந்த வோல்ட்டேஜை மேட்டின் எல்லையைத் தாண்டி வெளியே கொண்டுபோகிறது. அங்கே மண் அந்த அளவுக்கு எகிறியிருக்காது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஈரத்துணியைப் போடுபவருக்குப் பெரிய வித்தியாசம் கிடைத்துவிடும். வேலி ஓரமாக ஓடும் இரும்புத் தண்ணீர்க் குழாயும் இதே ஆபத்துதான்.

ஃபால்ட்டைக் கண்டுபிடிக்கும் ரிலேயும் சப்ளையை நிறுத்தும் பிரேக்கரும் பெரும்பாலும் நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் ஃபால்ட்டைத் துண்டித்துவிடும். இருந்தாலும் 50 கிலோ எடையுள்ளவருக்கு அரை நொடியில் சுமார் 160 மில்லி ஆம்பியர் தாண்டினாலே இதயத் துடிப்பு குலையலாம். அதனால் அந்த அம்மாவைக் கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கம்பியை அவிழ்த்தார்.

அப்புறம், அறுந்து விழுந்த லைனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குறைந்தது 10 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ஏற்கெனவே அருகில் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள். இரண்டு காலுக்கு நடுவே தூரம் கூடினால் வோல்ட்டேஜும் கூடும். பாதங்களை ஒட்டி, தரையிலிருந்து தூக்காமல் தேய்த்தபடி நகருங்கள். தீப்பொறி நின்றுவிட்டதே என்று அருகே போகாதீர்கள்: பல லைன்களில் பிரேக்கர் சில நொடியில் தானாகவே மறுபடி சப்ளை கொடுக்கும்.