மேட்ரிக்ஸ் விற்பனை: 'அணி' என்று எழுதாதீர்கள்

"அணி முறை விற்பனை, அரசு அங்கீகாரம் பெற்றது." கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற இந்த வாசகத்தில் இரண்டு பொய். அங்கீகாரம் என்பது பெரிய பொய். பணம் கட்டி, பின்னால் ஆள் சேர்ந்தால் பொருள் தருவோம் என்கிற 'மேட்ரிக்ஸ்' திட்டத்துக்குத் தமிழ்ப் பெயராக வைத்த 'அணி' சின்னப் பொய்தான், ஆனால் பெரியதற்குக் குடை பிடிப்பது அதுதான். இப்போது விவரம் தெரிந்தவர்களும் "அணி விற்பனை சட்டப்படி சரியா?" என்று தலைப்புப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மேட்ரிக்ஸ் லத்தீன் சொல். தாயைக் குறிக்கும் 'மாத்தெர்' வழி வந்தது, கருப்பை என்று பொருள். 1850இல் ஆங்கிலக் கணிதர் சில்வெஸ்டர் எண்கட்டம் ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்தார், அணிக்கோவைகள் (டிடர்மினன்ட்) அதிலிருந்து பிறப்பதால். நம் பாடநூலில் அது அணி, இலங்கையில் தாயம். நெட்வொர்க் மார்க்கெட்டிங்காரர்கள் கட்டத்தை மட்டும் கடன் வாங்கினார்கள்: '3க்கு 7' என்றால் ஒருவருக்குக் கீழே மூவர், இப்படி ஏழு அடுக்கு, மொத்தம் 3,279 பேர். இணையத்தில் அது வெறும் காத்திருப்போர் பட்டியலாகிவிட்டது.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். 3,000 ரூபாய் கொடுத்து யாரும் படிக்காத மின்னூல் ஒன்றை வாங்குகிறீர்கள். உங்கள் பெயர் வரிசையில் ஏறும். பத்துப் பேர் பணம் கட்டினால் முதல் ஆளுக்கு 25,000 ரூபாய் லேப்டாப். நூறாவது ஆளுக்குக் கிடைக்க ஆயிரம் பேர் வேண்டும். 15,000ஆவது ஆளுக்கு ஒன்றரை லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் கும்பகோணம் நகரத்தின் மொத்த ஜனத்தொகையே அவ்வளவு இல்லை. எந்த நாளில் கணக்கெடுத்தாலும் பத்தில் ஒன்பது பேர் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

இதில் 'அணி' எங்கே இருக்கிறது? கணிதத்து அணியில் நிரையும் நிரலும் உண்டு, எல்லாக் கட்டத்திலும் எண் நிரம்பியிருக்கும். இங்கே அடிக்கட்டம் எப்போதும் காலி. கணக்கை விட்டுவிட்டு ஊர்ப்பேச்சுக்கு வந்தால் அணி என்றால் நகை, இல்லையேல் இளைஞர் அணி, மகளிர் அணி. 'அணி விற்பனை' என்று கேட்டால் ஆடித் தள்ளுபடியில் அட்டிகை விற்கிறார்கள் என்றுதான் தோன்றும். "பாடநூல் சொல், தூய தமிழ்" என்று வாதாடுவார்கள். தூய்மையில் எனக்கும் பிடிவாதம் உண்டு. ஆனால் ஆங்கிலச் சொல்லே இந்த வியாபாரத்தில் வெறும் உவமையாக நிற்க, அதன் கணிதப் பொருளைப் பெயர்ப்பது தூய்மையா, அகராதிச் சோம்பலா? இலங்கைத் 'தாயம்' தற்செயலாகக் கொஞ்சம் பொருந்துகிறது, இங்கே அது உருட்டி ஆடுகிற ஆட்டம் என்பதால். 'சங்கிலித் தொடர் வணிகம்' என்பாரும் உண்டு. அது கடைக்காரன் கிளை மேல் கிளை திறந்தாலும் பொருந்தும்.

கொள்முதல் நிலையத்தில் டோக்கன் வாங்கி நெல்லைக் குவித்து நிற்கிறோமே, அதுவும் வரிசைதான். முன்னால் நிற்பவர் மூட்டை போனால் நம் முறை வரும். பின்னால் ஆள் வந்தாரா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மேட்ரிக்ஸில் பின்னால் ஆள் வந்தால்தான் முன்னால் நகரும். பெயர் சொல்ல வேண்டியது இதைத்தான். 'ஆள்சேர்ப்பு வரிசை' என்கிறேன். வெறும் 'ஆள்சேர்ப்பு' போதாது, ராணுவ முகாம் நினைவுக்கு வரும்.

சட்டமும் இந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டுகள், பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் பணச் சுழற்சியை 'உறுப்பினர் சேர்க்கை'யோடு கட்டித்தான் வரையறுக்கிறது. "சித்தப்பா, இது சீட்டு இல்ல, பொருள்தான் தர்றாங்க, ஜிஎஸ்டி பில்லே இருக்கு" என்றான் அண்ணன் மகன். ஜிஎஸ்டி எண் வரி கட்டுவதற்கு, திட்டம் நல்லது என்பதற்கு அல்ல. பரிசுச் சீட்டின் வரையறையில் பணமாகவோ பொருளாகவோ, குலுக்கலிலோ வேறு எந்த வகையிலோ என்றே எழுதியிருக்கிறது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், ஆள் சேர்ப்பதால் 'எந்தப் பயன்' கிடைத்தாலும் அடுக்குத் திட்டம் (பிரமிட்) என்று தடுக்கின்றன. பிரிட்டனில் 2005இலேயே இத்தகைய இரண்டு தளங்களை நியாய வணிக அலுவலகம் சட்டவிரோத லாட்டரி என்றது. லாட்டரியை 2003இல் ஒழித்த மாநிலம் நம்முடையது.

மொழிபெயர்ப்பாளர்கள் 'பல்நிலைச் சந்தைப்படுத்தல் அணி' என்றெல்லாம் நீட்டுவதைப் பார்த்தால் ஏமாற்றுகிறவனுக்குச் சம்பளமில்லாமல் விளம்பரம் எழுதுகிறார்களோ என்று தோன்றுகிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு மனு எழுதுகிறவர்களாவது "அணி விற்பனையில் சேர்ந்தேன்" என்று தொடங்க வேண்டாம். "எனக்குப் பின் பத்துப் பேர் சேர்ந்தால் பொருள் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். பணம் கட்டிய ரசீதையும் பட்டியலில் உங்கள் எண் தெரிகிற படத்தையும் கூடவே இணைத்துவிடுங்கள்.